சோபாத் தோலில் ஒரு பெல்ட்

"தோல் சோபா விக்கிறவன் இடுப்புல பிளாஸ்டிக்கா? நல்ல பெல்ட்டு இல்லேன்னா பழையபடி சோபா தூக்கப் போய்யா" என்று முதலாளி சொன்னதைக் கணவன் வந்து ஒப்பித்தபோது, அதே சோபாப் பட்டறையில் தைக்கும் தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோபா தூக்கித் தூக்கித்தான் அவன் முதுகு போயிருந்தது. முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அவனைப் பட்டறையிலிருந்து முன்பக்கத்து விற்பனைக் கூடத்துக்கு மாற்றியவள் அவள்தான். மறுபடி ஒரு சோபாவைத் தூக்கினால் அவன் படுத்த படுக்கைதான்.

அன்று மாலையே இருவரும் பெரிய கடைக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பு போலச் சுருண்டு கிடந்த பெல்ட்டின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவள், சுட்டதுபோல் கையை எடுத்தாள். நடைபாதையில் ஒன்று அகப்பட்டது. அதன் உள்பக்கத்தில் 'அசல் தோல்' என்று முத்திரை வேறு. ஒரு வாரத்துக்குள் அது வெயிலில் வெந்த முதுகைப்போல் உரிந்து, உள்ளிருந்த அட்டையைக் காட்டிப் பல்லிளித்தது. திங்கட்கிழமைவரைதான் பொறுப்பேன் என்றார் முதலாளி.

பட்டறையில் கழித்துப் போட்ட தோல் துண்டுகள் கூடை கூடையாகக் கிடக்க, ஊரெல்லாம் பெல்ட் தேடி அலைந்த தன் புத்தியை அவள் நொந்துகொண்டாள். முதலாளியிடம் கேட்டு நீளமான துண்டொன்றை எடுத்து, இரண்டாக மடித்துத் தைத்து, உரிந்துபோன பெல்ட்டின் பக்கிளைப் பொருத்தினாள். பார்வைக்கு ராஜா வீட்டுப் பெல்ட்.

திங்கட்கிழமை மதியம் கணவன் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி தையல் இயந்திரத்தருகே வந்து நின்றான்.

"இன்னொரு ஓட்டை போடு."

"காலையில போட்டதே ரெண்டு."

"அது பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுதுடி. ஒரு கையால சோபாவக் காட்டுறேன், ஒரு கையால மானத்தக் காப்பாத்துறேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உட்காருபவரின் உடம்புக்கு நெகிழ்ந்து கொடுக்கவென்றே பதப்படுத்திய தோல் அது. இத்தனை வருடம் அதை இழுத்து இழுத்துத் தைத்த கைக்கு அது தெரியாதா?

மாலையில் தையலைப் பிரித்தாள். இருக்கைக்கு அடியில் இறுக்கிக் கட்டும் சணல் நாடாவை உள்ளே வைத்து மறுபடி தைத்தாள். நாடா இம்மியும் நீளவில்லை. ஆனால் பெல்ட் தடித்துப்போய், பேன்ட்டின் லூப்புகளுக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பெல்ட்டுக்காகப் பேன்ட்டை மாற்றித் தைக்கும் கொடுமையும் தன் தலையில்தானா என்று பொருமியபடியே, லூப்புகள் அத்தனையையும் பிரித்து அகலமாகத் தைத்தாள்.

மறுநாள் காலை முதலாளி அவன் இடுப்பைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். கூடத்தையும் பட்டறையையும் பிரிக்கும் தட்டிக்கு இந்தப் பக்கம் இயந்திரத்தின்முன் அமர்ந்து அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கணவன் ஒரு தம்பதிக்குப் படுக்கையாகும் சோபாவை விரித்துக் காட்டினான், குனிந்தான், நிமிர்ந்தான். பேன்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த அம்மாளுக்குச் சோபா பிடித்துவிட்டது; வீட்டில் அடங்குமா என்று பார்க்க அதை அளவெடுக்கச் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து அவன் தட்டியைச் சுற்றிக்கொண்டு, முகமெல்லாம் வேர்க்க ஓடிவந்தான்.

"கழட்ட வரலடி. பக்கிள் கடிச்சுக்கிச்சு. ஒண்ணுக்கு அவசரம்."

அவள் இழுத்தாள், கத்தரி முனையால் நெம்பினாள். பக்கிள் அசையவில்லை. அப்புறம் கத்தரியின் வாயைத் திறந்து பெல்ட்டின்மேல் வைத்தாள். வெட்டினால் கூடத்துக்கு எதைக் கட்டிக்கொண்டு போவான்? தட்டிக்கு அப்பால் அந்த அம்மாள், விற்பனையாளர் எங்கே என்று கேட்பது காதில் விழுந்தது.

அவள் கத்தரியை மேசைமேல் வைத்தாள்.

"அடக்கிக்கிட்டுப் போய் அளவெடுங்க."