லெட்டிக்காக ஒரு கல்யாணம்

"ஒன் ஆளுக்குக் கை போச்சாம்டி!" என்று பக்கத்துத் தறிக்காரி உதட்டை அசைத்துச் சொன்னாள். மான்செஸ்டருக்கு அருகே அந்தத் துணி ஆலையின் தறி இரைச்சலில் பேச்செல்லாம் உதட்டில்தான்.

தபித்தா அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு ஏதுடி ஆளு?"

ஆனால் ஊருக்கே தெரிந்த கதை அது. முந்தைய ஆலையின் மேஸ்திரி ஏனோக் சக்டன்தான் தபித்தாவின் மகள் லெட்டிக்கு அப்பன். கைக்குழந்தையோடு தபித்தா ஜீவனாம்சம் கேட்டு நீதிபதி முன் நின்றபோது, "தறிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சிரிச்சவ. பிள்ளையை என் தலையில மட்டும் கட்டறது நியாயமாங்க?" என்று கேட்டவன் அவன். கூட்டம் சிரித்தது. வழக்கு தள்ளுபடியானது. அவன் ஒரு மளிகைக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான். தபித்தா ஆலை மாறி, அறை மாறி, தனியாகவே லெட்டியை வளர்த்து ஆளாக்கினாள்.

இப்போது எந்திரப் பட்டை அவன் வலது கையைத் தோளோடு பிய்த்து, இடது கை விரல்களையும் நசுக்கிவிட்டது. பெண்டாட்டி செத்துப் பல வருஷம். ஆலையும் கைகழுவிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் தபித்தாவின் படியேறி வந்தார்.

"ஏனோக் மனசு மாறிட்டான்மா. ஒன்னைக் கட்டிக்கிறேங்கிறான்."

"மனசு மாறிடுச்சா, கஞ்சி ஊட்ட ஆள் கிடைக்கலையா அய்யா?"

அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். லெட்டிதான் விடவில்லை. ரொட்டிக்கடை ஏமோஸும் அவளும் ஆசைப்பட்டிருந்தார்கள். "அப்பன் பேரு இல்லாதவ என் வீட்டுப் படி ஏறக் கூடாது" என்று அவன் தாய் சொல்லியிருந்தாள்.

"எனக்காக ஒரே ஒரு தடவை தலையைக் குனிம்மா. நானும் சக்டன்னு சொல்லிக்குவேன்ல?"

தபித்தா குனிந்தாள். கோயிலில் அவனால் மோதிரத்தைப் பிடிக்க முடியவில்லை. அவளே எடுத்துத் தன் விரலில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் துடைப்பதும் அவள் வேலையாயிற்று. ஆலைக்கும் போய் வந்தாள்.

வசந்தத்தில் லெட்டியும் ஏமோஸும் அவன் தாயாரை அழைத்துக்கொண்டு கல்யாணம் பேசப் போதகரிடம் போனார்கள். லெட்டி தன் பேரைச் சக்டன் என்று எழுதச் சொன்னதும் அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். "ஒங்கம்மா இப்ப கட்டிக்கிட்டதால முன்னாடி பொறந்தது மாறாதும்மா. சட்டத்துக்கு நீ அப்பன் இல்லாத பிள்ளைதான்."

ஏமோஸின் தாய் எழுந்தாள். ஏமோஸும் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டான்.

லெட்டி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கட்டிலிலிருந்து ஏனோக் கொட்டாவி விட்டான்.

"எனக்குத் தெரியும். போதகர் அப்பவே என்கிட்ட சொன்னாரு. நீங்க கேக்கலையே."

"எந்திரிச்சு வெளிய போடா!" என்று தபித்தா கதவைத் திறந்தாள்.

"யாரு வீட்டை விட்டு யாரு போறது? இங்க கிடக்கிற கரண்டி வரைக்கும் இப்ப எனக்குத்தான்டி சொந்தம். சட்டப்படி புருஷன்ல?"

மறுவாரமே லெட்டி மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். போகும்போது தாயிடம்கூடச் சொல்லவில்லை. தாயைத் தலைகுனிய வைத்தது தான்தானே என்ற வெட்கமோ என்னவோ, அதற்குப் பிறகு திரும்பவேயில்லை.

ஏனோக் சீக்கிரம் சாகவில்லை. நன்றாகச் சாப்பிட்டான், உடம்பு போட்டான். தெருவில் முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள் இப்போது, "சவுக்கியமா, திருமதி சக்டன்?" என்று நின்று விசாரித்தார்கள். தபித்தா நிற்காமல் ஆலைப் பக்கம் நடந்தாள்.