அப்பா எழுதாத உயில்

"அடுப்ப அணை, அக்கா. வீட்டை அப்படியே பேத்து லாரில ஏத்த ஆளுங்க வந்து நிக்கிறாங்க."

தம்பி லாசரஸ் சொன்னது காதில் விழாதவள்போல ஒடெல்லா சோளக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறவள் அவள். நேற்று டெட்ராய்ட்டிலிருந்து வந்திறங்கியவன் அதிகாரம் பண்ணுகிறான்.

"கையெழுத்துப் போட்டவன் நீ. நீயே அணை."

"நான் மட்டுமா போட்டேன்? வாரிசுங்க பதினோரு பேரு போட்டோம். இந்த வீடு மியூசியத்துல இருந்தா அப்பா பேரு நிக்கும். இங்க என்ன இருக்கு? மழை பேஞ்சா சாக்கடை உள்ள வருது."

"சாக்கடைய மூடுங்கன்னு முப்பது வருஷமா மனு குடுக்கறேன், ஒரு பய எட்டிப் பாக்கல. இப்ப எத்தன லாரி வந்திருக்கு பாரு!"

1965-இல் இந்த அலபாமாவில் கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டு நடந்த நாளில், ஊர்வலத்துக்கான யோசனையெல்லாம் இந்தச் சமையலறையில்தான் நடந்தது. ஓட்டுக்குப் பெயர் பதியக் கோர்ட்டுப் படியேறிய அப்பா, வெள்ளைக்காரர்களிடம் அடி வாங்கிப் பல் உடைந்து திரும்பி வந்தார். செத்தாலும் இனி அந்தப் படி மிதிக்க மாட்டேன் என்றவர், உயில் பதியவும் போகவில்லை. இந்தத் தெருவில் யார்தான் போனார்கள்? உயில் இல்லாத வீடு எல்லா வாரிசுக்கும் பொது, அதிகம் பேர் கேட்டபடி மியூசியத்துக்குக் கொடுத்துவிடு என்று அதே கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மியூசியத்து அம்மாள் உள்ளே வந்தாள். நல்ல மரியாதைக்காரி.

"மிஸ் ஒடெல்லா, அறுபத்தஞ்சுல இருந்த மாதிரியே வெக்கப்போறோம். அப்புறமா கட்டின பின்னறைய மட்டும் இங்கயே இடிச்சிடுவோம்."

பின்னறை ஒடெல்லா படுக்கிற அறை.

"அப்ப நான்?"

"திறப்பு விழாவுக்கு நீங்கதான் சிறப்பு விருந்தாளி. அப்பா இங்க என்னென்ன பேசினாருன்னு நீங்க சொல்லணும்."

"அதுக்கு விழா எதுக்கு? இப்பவே சொல்றேன். வெளிய போன்னு எவனாவது சொன்னா, அங்கயே உக்காந்துக்கோன்னு சொன்னாரு."

ஒடெல்லா அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டான். கோர்ட்டு உத்தரவோடு வந்திருந்த போலீஸ்காரன் உள்ளே வந்தான். அவள் போகிற சர்ச்சிலேயே வளர்ந்த கறுப்புப் பிள்ளை. அப்பா போன்றவர்கள் அடி வாங்கியிராவிட்டால் அந்தச் சட்டை அவனுக்கு எங்கே கிடைத்திருக்கும்?

"அத்தை, எந்திரிங்க. என்னைப் பாவியாக்காதீங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. அவனும் கூட வந்த இன்னொரு போலீஸ்காரனும் சேர்ந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வாசலில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

உள்ளேயிருந்து மியூசியத்து அம்மாளின் பதறிய குரல் கேட்டது.

"நாற்காலி பத்திரம்! அது போராட்டக் காலத்து நாற்காலி!"