பழைய பாறைக்கு அடியில் புது மணல்

எங்கள் ஊருக்கு அடியில் கடல் தரை நுழைந்துகொண்டிருக்கிறது. நகம் வளரும் வேகம்தான். அறுபது வயதுக்குமேல் நான் அரை அங்குலம் உயர்ந்ததற்கு அதுதான் காரணம். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

கிணறு வற்றிவிட்டது. இப்போது போடும் போர்வெல்லிலும் தண்ணீர் வராவிட்டால் வீட்டைக் காலிசெய்வதென்று முடிவு. துளையிலிருந்து கருங்கல் பொடி பறந்ததும் போர்க்காரர் எஞ்சினை நிறுத்தினார். பாறை தட்டினால் மூட்டை கட்டுவது அவர் வழக்கம்.

"அவ்வளவுதான் பெரியவரே. இதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது."

நிலவியல் படித்த என் மருமகள் குறுக்கே வந்தாள். "நிறுத்தாதீங்கண்ணே. இங்க முன்ன பெரிய பள்ளம் இருந்துது. ஆறு மணலைக் கொட்டி நிரப்புச்சு. அப்புறம் கடல் பக்கமிருந்து நெருக்கினதுல பாறை உடைஞ்சு, மணல் மேல ஏறி உக்காந்துடுச்சு. பழசு மேல, புதுசு கீழ."

"எங்க வீட்டு மாமியார் மருமக மாதிரிதான்னு சொல்லுங்க" என்றார் போர்க்காரர்.

என் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். எஞ்சின் தானாகவே ஓட ஆரம்பித்தது.

சாயங்காலம் பாறை முடிந்து ஈர மணல் வந்தது. பின்னாலேயே தண்ணீர் சீறியது. போர்க்காரரின் தொப்பி மேகத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை.

முதல் டம்ளரை என் மனைவி மருமகளிடம் நீட்டினாள். "நீ நல்லா இருக்கணும்மா. உன்னாலதான் வீடு தங்குச்சு."

"நெருக்கின கடலுக்குச் சொல்லுங்க அத்தை."

மறுநாளே நானும் என் மனைவியும் கடற்கரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.