நீல மூடியில் செம்பு

பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் ஓட்டையம்மா. பிளாஸ்டிக் மேல் உலோகம் பூசிக் காட்டுகிறேன் என்று மார்தட்டி, உலோகப் பொடியைப் பீச்சும் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்க வைத்தவள் அவள்தான். உலோகத்தை உருக்க வேண்டியதில்லை, பொடியாகவே குண்டு வேகத்தில் அடித்தால் அப்பிக்கொள்ளும் என்றாள். மூன்று வாரமாகச் செம்புப் பொடி பிளாஸ்டிக்கைத் தின்றதுதான் மிச்சம். தகடு தகடாக ஓட்டை. இன்று மாலை ஐந்து மணிக்கு இயந்திரம் திரும்பிப் போகிறது, அதோடு அவள் மானமும்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது பொறி தட்டியது. செம்பு முரடு. முதலில் மெத்தென்ற வெள்ளீயத்தை வேகம் குறைத்து அடித்துவிட்டு, அதன் மேல் செம்பை ஏற்றினால்? ஆனால் சோதிக்க ஒரு தகடுகூட மிச்சமில்லை. டப்பா மூடியைத் திருப்பினாள். மறுசுழற்சி முக்கோணத்துக்குள் தகடுகளில் இருந்த அதே எண், அதே ரக பிளாஸ்டிக். குதித்தே விட்டாள். பிறகுதான் உறைத்தது, அது மாமியாருடைய டப்பா. வீட்டு மூடிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

போன் போட்டாள்.

"அத்தே, உங்க டப்பா மூடியில கொஞ்சம் ஈயம் அடிச்சுப் பாக்கட்டுமா?"

"எந்த மூடி?"

"நீல மூடி."

"சரி, அடி. இந்தத் தடவையாவது ஒட்டுதான்னு பாரு."

வெள்ளீயம் சமர்த்தாகப் படிந்தது. மேலே செம்பு ஏறியதும் மூடி தகதகத்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சுருதியே இல்லாமல் பாட்டு வேறு.

"மினுக்குனா போதுமா? இழுத்துப் பாப்போம்," என்றார் முதலாளி. பூச்சின் மேல் இரும்புக் குமிழ் ஒன்றை ஒட்டி, பசை காய்ந்ததும் இழுவைக் கருவியில் மாட்டினார்கள். பூச்சு உரிந்தால் கதை முடிந்தது. பட்டறையே சுற்றி நின்றது. முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

படார்.

முதலாளி குமிழைத் திருப்பிப் பார்த்தார். செம்பு, அதற்கு மேல் வெள்ளீயம், அதையும் விடாமல் பிடித்தபடி ஒரு துண்டு நீலப் பிளாஸ்டிக். பூச்சு அசையவில்லை, மூடிதான் பிய்ந்திருந்தது. அவர் இயந்திரக்காரருக்குப் போன் போட்டார்.

"வண்டி அனுப்பாதீங்க. இங்க வேலை இருக்கு."

அவளும் போனை எடுத்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தே, மூடி பிஞ்சு போச்சு."

"பூசினது?"

"அது உரிஞ்சு வரவே இல்ல அத்தே."

"அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாத," என்றார் மாமியார். "வீட்டுக்கு எடுத்துட்டு வா. என் மருமக செஞ்சதுன்னு நாலு பேருகிட்ட காட்டணும்."