முளை உருவிய பலகை

பெட்டி பாதி இறங்கியபோது ஆமோஸின் கையில் கயிறு நழுவியது.

"பிடிடா, பிடிடா!" என்று கீழே சமையலறையிலிருந்து கத்தினாள் அக்கா தீர்சா. மாடித் தரையைத் தாங்கும் இரண்டு ஓக் மர உத்தரங்களுக்கு நடுவே அப்பாவின் சவப்பெட்டி ஒரு கணம் தலைப்பக்கமாகச் சாய்ந்து, பிறகு மெல்ல மேஜைமேல் உட்கார்ந்தது.

அந்தப் பண்ணை வீட்டு மாடிப்படி புகைபோக்கியைச் சுற்றி வளைந்து ஏறும். ஆள் ஏறலாம், பெட்டி திரும்பாது. அதனால் முந்நூறு வருஷத்துக்கு முன்பே தச்சன் படுக்கையறைத் தரையில் நான்கு பலகைகளை ஆணி அடிக்காமல், வெறும் மரமுளை செருகி விட்டுவைத்திருந்தான், சாவு விழுந்தால் உருவிவிட்டு அந்த வழியே பெட்டியை இறக்க. வருமுன் காப்போன் என்றால் அவன்தான்.

ஆமோஸ் கீழே வந்து கையை முகர்ந்தான். "தாத்தா செத்தப்ப எடுத்ததுக்கப்புறம் யாரும் தொடாத முளை, அக்கா. விரலால இழுத்தேன், வந்துருச்சு. புது மெழுகு."

"நான்தான் தடவினேன்" என்றாள் அம்மா கெசையா. "போன வாரம்."

"அப்பா கட்டில்ல படுத்திருக்கும்போதேவா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தார். நாலாவதை விட்டுட்டியேடின்னார்."

தீர்சா மேலே திறந்து கிடந்த தரையைப் பார்த்தாள். இந்த வீட்டில் அம்மாவை இனி ஒரு ராத்திரிகூட விடக்கூடாது. இப்ஸ்விச் நகரத்தில் தன் வீட்டில் அறை ஒழித்துவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவள் அடுப்பைத் தூண்டிவிடப் போனாள்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது வெயில் இருந்தது. ஆமோஸ் பலகைகளைப் பொருத்த மாடி ஏறப் போனான்.

"விடுடா" என்றாள் அம்மா. "எதுக்குச் சும்மா மூடித் திறந்துக்கிட்டு."

"என்னம்மா பேச்சு இது? இருட்டுல கால் தவறி விழுந்தா?" என்றாள் தீர்சா.

"அம்பது வருஷம் நடந்த தரைடி. எனக்குத் தெரியும்."

"உன் துணியெல்லாம் மடிச்சு வச்சாச்சு. வண்டி நிக்குது. என்கூட வாம்மா." தீர்சா அவள் கையைப் பிடித்தாள்.

அம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள். "சாப்பிட்டுட்டுப் போ. ஆட்டுக்கறி இருக்கு." வளைந்த படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள்.

தீர்சா அண்ணாந்து பார்த்தாள். திறந்த தரையின் ஓரமாக இரண்டு கறுப்புச் சப்பாத்துகள் தடுமாறாமல் கடந்து போயின. பிறகு அவை ஒவ்வொன்றாகக் கழற்றப்படும் சத்தம்.

வாசலிலிருந்து ஆமோஸ் கேட்டான்: "குதிரையைப் பூட்டட்டுமாக்கா?"

தீர்சா அண்ணாந்தபடியே நின்றாள். மேலே கட்டில் முனகியது, அப்பா படுத்த பக்கம்.