பிரவுசர் முழுங்கின வரி

எனக்குக் கோபம் வந்தா வாய்தான் முன்னால ஓடும், மூளை பின்னாடி மூச்சு வாங்கிட்டு வரும். அன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான். என் வீட்டுக்காரரு வாசல்ல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தாரு. நான் சாப்பாட்டு டப்பாவை மேசை மேல டொக்குனு வெச்சேன்.

"ஏங்க, ஒரு தடவையாவது நான் போடற பக்கத்தைத் திறந்து பாத்திருக்கீங்களா?"

"எந்தப் பக்கம்?"

கேட்டாரே பாருங்க ஒரு கேள்வி! கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த வேலைதான் பண்றேன், எந்தப் பக்கமாம்.

அவரு லிஃப்ட் மெக்கானிக். நானும் அதே கம்பெனிதான், ஆனா ஆபீஸ்ல. லிஃப்டை ஓட்டற கன்ட்ரோலர் எங்க தயாரிப்பு. அதுக்குள்ள ஓடற புரோகிராமை எழுதறவங்க, ஒவ்வொரு துண்டுக்கும் தலைமாட்டுல ஒரு குறிப்பு எழுதி வெப்பாங்க. இது என்ன செய்யும், எப்பச் செய்யக்கூடாதுன்னு. அது கம்ப்யூட்டருக்கு வேண்டாதது, மனுஷனுக்கு வேண்டியது. அந்தக் குறிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து, தலைப்பு போட்டு, வெப் பக்கமா மாத்தி, மெக்கானிக்குங்க ஃபோன்ல படிக்கற மாதிரி பண்றதுதான் என் பொழப்பு. மாத்தறது ஒரு டூல். டூலை மேய்க்கறது நான். பக்கத்தோட அடியில சின்ன எழுத்துல என் பேரு வரும்.

"உங்க ஆளுங்க ஒருத்தராவது படிக்கறாங்களா சொல்லுங்க," விடலை நான். "நாங்க கண்ணு பூத்துப்போய் உக்காந்து போடறோம். நீங்க என்னடான்னா ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாத்து கண்டுபிடிக்கறீங்க."

"தட்டிப் பாத்தா அது பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

எங்க பொண்ணு பையை மாட்டிக்கிட்டே எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல புகுந்து போனா. "மிச்சச் சண்டையை எனக்கு மெசேஜ்ல அனுப்பிடுங்க, பஸ் வந்துடுச்சு."

அவரு சிரிச்சிட்டாரு. "சரி தாயே, இன்னிக்கு உன் பக்கத்தைப் படிக்காம எந்த லிஃப்டுக்கு அடியில இருக்கற குழியிலயும் இறங்கலை, போதுமா?"

போதும்னு சொன்னேன். வாயை வெச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆபீஸ்ல எனக்கு அந்த வாரம் கொஞ்சம் தலைக்கனம். காரணம் இருக்கு. பழைய டூலைத் தூக்கிப் போட்டுட்டு புது டூலுக்கு மாத்தியிருந்தேன். பழசு மக்கு, எழுதினதை எழுதினபடியே காட்டும், பாக்கவும் சகிக்காது. புதுசுல எல்லாம் பளிச்சுனு வந்துச்சு. தேடலாம், தாவலாம், ஃபோன்ல கண்ணுக்கு இதமா இருக்கும். ஒரே தொல்லை, ஓட விட்டா திரை முழுக்க எச்சரிக்கையா கொட்டும். இங்க தலைப்பு இல்லை, அங்க வரி முடியலைன்னு நொய்நொய்னு ஒரே நச்சரிப்பு. எல்லாம் உப்புப் பெறாத விஷயம். எரிச்சல்ல எச்சரிக்கையே காட்டாதன்னு அணைச்சு வெச்சிட்டேன். எங்க தொழில்ல இதைப் பண்ணாதவங்க கையைத் தூக்குங்க பாப்போம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி அவருகிட்டேர்ந்து மெசேஜ். என் பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்பியிருந்தாரு. கீழ ஒரு வரி: "மேடம், படிச்சாச்சு. இறங்கறேன். திருப்தியா?"

எனக்கு வந்துச்சே ஒரு பெருமை! பக்கத்து சீட்டுக்காரிகிட்ட காட்டினேன், எதிர் சீட்டுக்காரிகிட்ட காட்டினேன். அப்புறம் நானே ஒரு தடவை ஆசையா படிச்சேன். சோதனை நிலையைப் பத்தின பக்கம் அது. மெயின் கரண்டை நிறுத்திட்டு, கதவு திறந்திருக்கறப்பவே, பேட்டரியில கன்ட்ரோலரை ஓட்டிப் பாக்கற நிலை. குறிப்பு இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ்ல சொன்னா இதுதான்: "பேட்டரி குறைவு என்றால் கேபின் நின்ற இடத்திலேயே நிற்கும்."

நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா என்னமோ உறுத்துச்சு. இந்தக் குறிப்பு இவ்ளோ சின்னதா என்ன? இதை எழுதினவருக்கு ஆபீஸ்ல கஞ்சன்னு பேரு. காசுல இல்லை, இடைவெளியில. வார்த்தையையும் குறியையும் ஒட்டி ஒட்டி எழுதுவாரு, இடம் விட்டா சொத்து குறைஞ்சிடும்ங்கற மாதிரி. அப்பேர்ப்பட்டவரு இந்த ஒரு குறிப்பைத்தான் தாராளமா, நீளமா எழுதினாரு, நான்கூட கிண்டல் பண்ணேன்.

கஞ்சனோட மூலக் குறிப்பைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்துல, சின்னதுன்னு காட்டற < குறி. அதுக்கு ஒட்டினாப்புல குறைவு அளவோட பேரு. அந்த அளவுக்குக் கீழ போனா கேபின் தானாவே கீழ்த்தளத்துக்கு இறங்கும், குழியில ஆள் இருக்கவே கூடாதுன்னு ஒரு முழு வரி. அப்புறம் மறுபடி பேட்டரி, பெரியதுன்னு காட்டற > குறி, குறைவு அளவு. அதுக்கு மேல இருந்தா கேபின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. சின்னது குறிக்கு அடுத்து ஒட்டினாப்புல ஒரு எழுத்து வந்தா, அது பக்கத்தை அலங்கரிக்கற டேக்னு பிரவுசர் நெனச்சுக்கும். பெரியது குறி வர்ற வரைக்கும் நடுவுல இருக்கற அத்தனையையும் சத்தமில்லாம முழுங்கிடும். பழைய மக்கு டூல் அந்தக் குறியைப் பக்குவமா மாத்திக் கொடுக்கும். என் புத்திசாலி டூல் அப்படியே விட்டுட்டு, அதுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்திருக்கும். நான்தான் அதோட வாயைக் கட்டிட்டேனே. நடுவுல இருந்தது போச்சு, முதல்ல இருந்த 'பேட்டரி'யும் கடைசியில இருந்த 'குறைவு'ம் ஒட்டிக்கிச்சு. பாதி வரியா நின்னிருந்தாக்கூட அவரு சந்தேகப்பட்டிருப்பாரு. முழுசா, லட்சணமா, தலைகீழா ஒரு வாக்கியம் நின்னுச்சு.

ஃபோன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. குழிக்குள்ள சிக்னல் கிடைக்காது, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் போட்டேன். மறுபடி போட்டேன். எந்தக் கட்டடம்னு வேலை பிரிச்சுக் கொடுக்கறவரைக் கேட்டேன். சந்தைக்குப் பின்னாடி இருக்கற பெரிய குடியிருப்பு, அங்க வாட்ச்மேனோட நம்பர் தன்கிட்ட இல்லைன்னு சொன்னாரு.

"நம்பர் இல்லைன்னா என்ன அர்த்தம்?"

"இல்லைன்னுதான் அர்த்தம், ஏன் கத்தறீங்க?"

எங்க மேனேஜருக்குப் 'பாத்துக்கலாம்'னு பேரு. எதைச் சொன்னாலும் அதைத்தான் சொல்வாரு. அவரு ரூமுக்குள்ள கதவைத் தட்டாம போனேன். "சார், பக்கத்தை எல்லாம் நெட்லேர்ந்து இறக்கப் போறேன். தப்பு இருக்கு, ஆளுங்க குழியில இருக்காங்க."

"எல்லாப் பக்கத்தையுமா? கஸ்டமர் பாத்துட்டு இருக்காங்கம்மா. ஒரு வரிதானே, சாயங்காலம் பாத்துக்கலாம்."

"சாயங்காலம் பொணத்தைத்தான் சார் பாத்துக்கலாம்!"

நான்தான் சொன்னேன். வாய்ல வந்ததுக்கப்புறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. அவரு பதில் சொல்றதுக்குள்ள என் சீட்டுக்கு ஓடி மொத்தத்தையும் இறக்கினேன். கஞ்சன் இந்த ஒரு இடத்துலதான் ஒட்டி எழுதினாரா? இன்னும் எத்தனை வரியை முழுங்கிச்சோ, யாரு கண்டா! ஆனா என் வீட்டுக்காரரு ஃபோன்ல அந்தப் பக்கம் முன்னாடியே திறந்திருக்கு. நான் இங்க இறக்கினா அங்க அழியாது.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஹெல்மெட் ஆபீஸ்லயே கெடக்கு. ஒவ்வொரு சிக்னலும் எனக்குன்னே சிவப்பு போட்டுச்சு. முன்னாடி ஒரு வண்டிக்காரரு நிதானமா, ஊர்வலம் போற மாதிரி போயிட்டு இருந்தாரு. ஹாரனை அமுக்கின கையை எடுக்கலை. "என்னம்மா, வீடு பத்திக்கிச்சா?"ன்னாரு. ஆமாய்யா, வழி விடுன்னேன். விட்டாரு, பாவம். நின்ன இடத்திலேயே நிற்கும், நின்ன இடத்திலேயே நிற்கும்னு அந்த வரி மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்துச்சு. எப்பவும் அவரு குழியில இறங்கினா கேபினுக்கு அடியில கட்டையால முட்டுக் கொடுத்துட்டுத்தான் இறங்குவாரு. அதை நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டேன். தேறலை.

குடியிருப்பு வாசல்ல வாட்ச்மேன் பேரு எழுதச் சொன்னாரு. அப்புறம் எழுதறேன்னு உள்ள ஓடினேன், அவரு பின்னாடியே ஓடி வந்தாரு. கீழ்த்தளத்துல லிஃப்ட் கதவு திறந்திருந்துச்சு, முன்னாடி மஞ்சள் பலகை. எட்டிப் பாத்தேன். மேல, தலைக்கு மேல இருட்டா கேபினோட அடிப்பக்கம். கீழ குழியில அவரு, வாயில டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு சுவரோரம் என்னமோ வயரைப் பிரிச்சுட்டு இருக்காரு. முட்டுக்கட்டை வெளியில, என் காலடியிலயே கெடக்கு.

"ஏறுங்க! மேல ஏறுங்க!"

டார்ச்சை எடுத்துட்டு நிமிந்தாரு. முகம் வெளிறிப் போச்சு. "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க ஏறுங்க!"

"அப்புறம் என்ன? இரு, இந்த ஒரு முனையை மட்டும் மாட்டிட்டு…"

"ஏறுங்கன்னா ஏறணும்! அந்தப் பக்கம் தப்பு, நான் போட்டது தப்பு. கேபின் இறங்கும்!"

என்ன புரிஞ்சுதோ, இல்லை என் மூஞ்சியைப் பாத்தே பயந்தாரோ, ஏணியில கால் வெச்சாரு. நான் அவரு சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன், வாட்ச்மேன் கையைப் பிடிச்சாரு. மூணு பேரும் தரையில விழுந்து எந்திரிச்சோம். "பைத்தியமா உனக்கு?"ன்னு துணியைத் தட்டினாரு. ஸ்க்ரூ டிரைவரை உள்ளயே விட்டுட்டோமேன்னு திரும்பினாரு. நான் அவரு பெல்ட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியா பாத்தாரு. எனக்கே ஒரு நிமிஷம் வெட்கமாப் போச்சு, ஒண்ணும் ஆகாதோ, ஊரைக் கூட்டிட்டேனோன்னு.

அப்ப உள்ள 'டக்'னு ஒரு சத்தம். கேபின் இறங்குச்சு. வேகமெல்லாம் இல்லை, அவசரமே இல்லாம இறங்கி, எங்க முன்னாடி தரைக்குச் சமமா வந்து நின்னுச்சு. அதுக்கு அடியில ஒரு ஆள் நிமிந்து நிக்க இடம் கிடையாது.

வாட்ச்மேன் "ஐயோ கடவுளே"ன்னு தலையில கை வெச்சு அப்படியே உக்காந்துட்டாரு.

என் வீட்டுக்காரரு ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படிச்சாரு. நான் படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டே சொன்னேன். குறியைச் சொன்னேன், முழுங்கின வரியைச் சொன்னேன், எச்சரிக்கையை அணைச்சதையும் சொன்னேன்.

"முட்டு ஏங்க கொடுக்கலை?"

"கட்டை வைக்கற எடத்துலதான் வயரு போகுது. இடைஞ்சலா இருந்துச்சு."

"லிஃப்டை நிறுத்தற சிவப்பு பட்டனையாவது அமுக்கியிருக்கலாம்ல?"

"அமுக்கினா கன்ட்ரோலரே செத்துடும், குழியில இருக்கற சென்சாரை எப்படிச் சோதிக்கறது? அதனாலதான் படிச்சேன். நிக்கும்னு போட்டிருந்துச்சு."

"உங்களுக்குத்தான் தட்டிப் பாக்காம எதுவும் ஆகாதே! பேட்டரி சார்ஜை இறக்கி ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு இறங்கியிருக்கக் கூடாதா?"

"வேற யாரு போட்டிருந்தாலும் பாத்திருப்பேன்," அவரு என்னைப் பாக்காம சொன்னாரு. "அடியில உன் பேரு இருந்துச்சே."

இதுக்குப் பதிலா அவரு நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

என் ஃபோன் அடிச்சுது. பாத்துக்கலாம் சார். குரலே வேற மாதிரி இருந்துச்சு. "பக்கத்தை இறக்கினதுலேர்ந்து ஃபோன் நிக்கலைம்மா. எல்லா மெக்கானிக்கும் கேக்கறாங்க, பக்கம் எங்கன்னு. அதைப் பாத்துத்தான் வேலையே செய்யறாங்களாம்."

யாருமே படிக்கறதில்லைன்னு இத்தனை வருஷமா எத்தனை பேருகிட்ட புலம்பியிருப்பேன்! அவரு என் கையிலேர்ந்து ஃபோனை வாங்கி, "சார், கேக்கறவங்ககிட்ட எல்லாம் குழியை விட்டு ஏறச் சொல்லுங்க"ன்னாரு. அப்புறம் தன் ஃபோன்ல அவங்க குரூப்புல குரல் பதிவு போட்டாரு. "டேய், புதுப் பக்கத்தை நம்பி எவனும் உள்ள நிக்காதீங்க. இருக்கறவன் ஏறு. ஏறிட்டு எனக்குச் சொல்லு." ஒவ்வொருத்தரா ஏறிட்டேன், ஏறிட்டேன்னு பதில் வந்துச்சு. ஒருத்தர்கிட்டேர்ந்து மட்டும் வரலை. அவரு படிக்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருந்தாரு, நான் நகத்தைக் கடிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசியில அந்தப் புண்ணியவான் சாப்பிடப் போயிருந்தேன்னு வந்தாரு. அவரைத் திட்டலாமா கும்பிடலாமான்னு தெரியலை.

வாட்ச்மேன் தண்ணி கொண்டாந்து கொடுத்தாரு. என் வீட்டுக்காரரு பாதி குடிச்சிட்டு பாட்டிலை என்கிட்ட நீட்டினாரு.

"ஏங்க."

"சொல்லு."

"இனிமே நான் போட்டதுன்னு எதையும் அப்படியே நம்பிடாதீங்க. நீங்க தட்டிப் பாத்துட்டே இறங்குங்க."

"சரி," அப்படின்னாரு.

ஒரு நொடிகூட யோசிக்கலை. நான்தான் கேட்டேன், வேற எந்தப் பதிலும் எனக்கு வேணாம், ஆனாலும் அந்தச் சரியை அவரு கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருக்கலாம்.