வேலிக்குள் அள்ளிய பனி

எங்கள் ஊரில் ஒருவனின் மானம் அவன் முற்றத்தில் தெரியும். பனி விழ விழ அள்ளி அப்பால் தள்ள வேண்டும். பனி நிலத்துக்குப் போர்வை. அதை உருவினால்தான் குளிர் மண்ணுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் பழைய பனிக்கட்டியை உறுதியாக வைத்திருக்கும். அந்தக் கட்டி உருகினால் மேலே நிற்கும் வீடு சாயும். அள்ளாதவனைச் சோம்பேறி என்போம். அதோடு விடமாட்டோம், அவன் பெண்டாட்டி காதில் விழும்படியும் சொல்வோம்.

எங்கள் ஊர் ஜுலுஸின் மனைவி நர்யானா நிலத்தின் சூட்டை ஆராய்பவள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு துண்டு நிலம், நடுவே ஆழமான துளை, அதற்குள் தானாக அளக்கும் கருவி. குளிர்காலம் முழுக்க அவள் யாகுத்ஸ்க் நகரத்தில் வேலை பார்ப்பாள். பனி கரைந்தபின் வந்து அளவுகளை எடுப்பாள். வருடா வருடம் ஒரே பல்லவிதான். "நிலம் சூடாகிட்டே போகுது. பள்ளத்துல இருக்கறவங்க மேட்டுக்குப் போயிடுங்க." அபசகுனம் வந்துவிட்டது என்று முணுமுணுத்து நாங்கள் நழுவிவிடுவோம். நானும்தான்.

கடைசி இரண்டு முறை அவள் பேச்சு மாறியது. துளைக்குள் குளிர் கூடியிருந்தது. நம்பாமல் கருவியையே மாற்றிப் பார்த்தாள். புதியதும் அதையே சொன்னது. "நம்ம மண்ணு மறுபடி இறுகுது" என்று ஊர்க்கூட்டத்தில் அறிவித்தபோது அவள் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

ஜுலுஸின் பெரியப்பா உய்பான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மேட்டில் ஒதுக்கிய மனையை வேண்டாம் என்றார், அது வேறு குடும்பத்துக்குப் போனது. கதவு சாத்த முடியாமல் கோணிப்போன பழைய வீட்டைப் பிரித்துவிட்டு, அதே பள்ளத்தில் புது வீடு எழுப்பினார். உத்திரம் ஏற்றிய அன்று விருந்து. முதல் துண்டை நெருப்புக்கு ஊட்டிவிட்டு, கொழுப்பு மினுங்கும் குதிரை விலாவை நர்யானாவின் தட்டில் வைத்தார். பெரிய மனிதர்களுக்கு வைக்கும் துண்டு அது.

"சாப்பிடும்மா. இந்த வீடு உன் வாக்குலதான் நிக்குது."

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "உன் புருஷனும் லேசுப்பட்டவனில்ல" என்றேன். "ரெண்டு குளிர்காலமா ஊர்லயே சுத்தமான முற்றம் அவனோடதுதான். வேலிக்குள்ளகூட ஒரு கைப் பனி விடலையே!"

நர்யானாவின் கை நின்றது. "வேலிக்குள்ளயா?"

ஜுலுஸ் கூச்சத்தோடு சிரித்தான். "கருவியத் தொடாதேன்னு சொன்னே. தொடல. பனிய மட்டும் அள்ளினேன். பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னா மண்வெட்டிக்கும் லீவான்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. உன் பேரு கெடக் கூடாதுல்ல?"

அவள் எழுந்து நின்றாள்.

"பெரிய மாமா, நிலம் இறுகல. போர்வைய உருவிட்டு அளந்திருக்கோம். அந்த இடம் மட்டும்தான் குளிர்ந்திருக்கு."

"அப்ப நானும் அள்ளினாப் போச்சு!"

"முற்றத்த அள்ளலாம். சுத்தி இருக்கற புல்வெளியெல்லாம் யாரு மாமா அள்ளுவா? உருகுற தண்ணி அங்கிருந்துதானே உங்க வீட்டுக்கு அடியில வருது. வேலிக்குள்ள பனி கிடக்கணும்னு இவர்கிட்ட நான் சொல்லவே இல்ல. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவ, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வெக்கமா இருக்கு மாமா." தட்டை நகர்த்தினாள். "இது எனக்கு வேண்டாம்."

ஜுலுஸ் தலையைக் குனிந்துகொண்டான். உய்பான் புது உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"இத்தனை வருஷம் நீ நெசத்தச் சொன்னியே, அப்ப உனக்கு ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பேனா?" என்றார். "எனக்குப் பிடிச்சதச் சொன்ன அன்னிக்குத்தானே விலா எடுத்து வச்சேன்."

பிறகு தட்டை மறுபடி அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை. விருந்துக்கு வந்த நாங்கள் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.